கோப்பு வந்தது, எழுத்து வந்ததா? வன்தட்டு மாற்றத்தின் வரலாறு

கணினி மெதுவாகிவிட்டது, பழைய வன்தட்டை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடலாம் என்று முடிவெடுக்கும் ஆசிரியர் முதலில் கேட்பது இதைத்தான்: "என் ஃபைல் எல்லாம் அப்படியே இருக்குமா?" இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இயங்குதளம் புதுத் தட்டிலிருந்து இயங்குமா என்பது ஒன்று. வந்து சேர்ந்த கோப்பைத் திறந்து படிக்க முடியுமா என்பது இன்னொன்று. கணினிப் பாடம் எடுக்கும் மாணவர்கள் பலர் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். எப்படிப் பிரிந்தன, எப்படிச் சேர்ந்தன என்று பார்த்தால் குழப்பம் தீரும்.

1981-இல் வெளிவந்த ஐபிஎம் பிசியில் வன்தட்டே கிடையாது. டாஸ் இயங்குதளம் ஒரு நெகிழ்வட்டில், உங்கள் கோப்புகள் இன்னொரு வட்டில். ஏ டிரைவில் அது, பி டிரைவில் இது. இயங்குதளத்தை மாற்றணும்னா வட்டை உருவிவிட்டு வேறு வட்டைச் செருகினால் போதும். கோப்புக்கு ஒன்றும் ஆகாது. (வன்தட்டுக்கு இன்றும் 'சி' என்று பெயர் இருப்பதற்கும் இதுதான் காரணம். ஏ, பி இரண்டும் நெகிழ்வட்டுக்குப் போய்விட்டன. மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது.)

1983-இல் ஐபிஎம் பிசி எக்ஸ்டி 10 மெகாபைட் வன்தட்டோடு வந்தது. இயங்குதளமும் கோப்புகளும் ஒரே வீட்டில் குடியேறின. இடமாற்றச் சிக்கலும் அன்றைக்குத்தான் பிறந்தது. எல்லாவற்றையும் 'காப்பி' கட்டளையால் புதுத் தட்டுக்கு நகல் எடுத்தாலும் கணினி அதிலிருந்து தொடங்காது. ஏன்?

மின்சாரம் வந்தவுடன் அன்றைய கணினிக்குக் கோப்பு, கோப்புறை எதுவும் தெரியாது. தட்டின் முதல் பகுதியை, அதாவது வெறும் 512 பைட்டை, படிக்க மட்டும்தான் தெரியும். அதில் 446 பைட் தொடக்க நிரல், 64 பைட் தட்டு எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்ற அட்டவணை, கடைசி 2 பைட் அடையாளக் குறி. அந்த நிரல்தான் அடுத்த நிரலை எழுப்பும். அது இயங்குதளத்தை எழுப்பும். இந்த 512 பைட் ஒரு கோப்பே அல்ல. அதனால் கோப்பு நகலெடுக்கும் கட்டளை அதைத் தொடுவதில்லை. மேலும், டாஸின் ஆரம்பப் பதிப்புகளில் மறைவாக இருக்கும் இரண்டு கணினிக் கோப்புகள் தட்டின் பட்டியலில் முதல் இரண்டு இடத்தில் இருந்தாக வேண்டும். இதற்காகவே 'சிஸ்' என்ற தனிக் கட்டளை டாஸில் இருந்தது. முதலில் 'சிஸ்', பிறகு 'காப்பி'. அவ்வளவுதான்.

விண்டோஸ் 95 வந்த பிறகு இந்த இரண்டு படி போதவில்லை. நிரல்களின் அமைப்பு விவரங்கள் 'ரெஜிஸ்ட்ரி' என்ற ஒரே களஞ்சியத்துக்குள் போயின. விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் கோப்புகளை நகலெடுக்கப் போனால், பயன்பாட்டில் இருக்கும் கோப்பைத் தர மறுத்தது. அந்தச் சமயத்தில்தான், 1995-இல், நியூசிலாந்தின் ஆக்லாந்தில் மர்ரே ஹசார்ட் 'கோஸ்ட்' என்ற மென்பொருளை உருவாக்கினார். விண்டோஸை ஓட விடாமல் டாஸிலிருந்து தொடங்கி, தட்டு முழுவதையும் தொடக்கப் பகுதியோடு சேர்த்து வேறு தட்டுக்கு மாற்றியது அது. புதுத் தட்டு அளவில் வேறாக இருந்தாலும் பிரிவுகளை அதற்கேற்ப விரித்துக் கொடுத்தது. 1998-இல் சைமன்டெக் நிறுவனம் அதை வாங்கியது. இன்று இலவசமாகக் கிடைக்கும் 'குளோன்சில்லா' தைவானின் தேசிய உயர்திறன் கணினி மையத்தில் உருவானது. வேலை ஏறக்குறைய அதேதான்.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிங்க. தட்டிலிருந்து தட்டுக்கு நேராக மாற்றுவது 'குளோன்'. தட்டு முழுவதையும் ஒரு பெரிய கோப்பாகச் சேமித்து வைத்துப் பிறகு விரிப்பது 'இமேஜ்'. பள்ளிக் கணினிக்கூடத்தில் ஒரு கணினியைத் தயார் செய்து மற்றவற்றுக்குப் பரப்ப இமேஜ்தான் வசதி. வீட்டுக் கணினிக்குக் குளோன் போதும்.

சரி, இரண்டாவது கேள்வி. தமிழாசிரியர்களுக்கு இதுதான் முக்கியம்.

1985-இல் மலேசியாவின் முத்து நெடுமாறன் 'முரசு அஞ்சல்' மென்பொருளை வெளியிட்டார். அதன்பின் பல தமிழ் மென்பொருள்களும் எழுத்துருக்களும் வந்தன. ஆனால் எந்த எண் எந்தத் தமிழ் எழுத்து என்பதில் ஆளுக்கொரு கணக்கு. 'பாமினி' எழுத்துருவில் 'அம்மா' என்று தட்டச்சு செய்தால் கோப்புக்குள் பதிவாவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள்தான். அவற்றை 'அம்மா'வாகக் காட்டுவது எழுத்துருவின் வேலை. அந்த எழுத்துரு இருப்பது உங்கள் கோப்புறையில் அல்ல. விண்டோஸ் கோப்புறைக்குள் உள்ள 'ஃபான்ட்ஸ்' என்ற இடத்தில், அதாவது இயங்குதளத்தின் வீட்டில்.

"முக்கியமான ஃபைலை மட்டும் விரலியில் எடுத்துக்கிட்டு, புதுசா விண்டோஸ் போட்டுடலாம்" என்று சொல்லும்போது நடப்பது இதுதான். கோப்பின் பெயர், தேதி, அளவு எல்லாம் சரியாக இருக்கும். ஒரு பைட்கூடத் தொலையாது. திறந்தால் படிக்க முடியாது! இருபது வருடம் சேர்த்த யூ.பி.எஸ்.ஆர். பயிற்சித் தாள்கள் இப்படி இருந்தும் இல்லாமல் போகும். அதனால் பழைய தமிழ்க் கோப்பு உள்ள கணினிக்குக் குளோன்தான் பாதுகாப்பு என்பது என் கருத்து. எழுத்துருவும் சேர்ந்தே வந்துவிடும்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1997-இல் சிங்கப்பூரிலும் 1999-இல் சென்னையிலும் தமிழிணைய மாநாடுகள் கூடின. சென்னை மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்ற குறியீடுகள் வந்தன. இணையத்தில் டிஸ்கி பரவியது. யூனிகோடில் 1991-லேயே தமிழுக்கு இடம் இருந்தாலும், விண்டோஸ் 2000-இல்தான் இயங்குதளமே தமிழைத் தாங்கத் தொடங்கியது. யூனிகோடில் எழுதிய கோப்பை எந்தக் கணினிக்குக் கொண்டுபோனாலும் 'அ' என்பது 'அ'தான்.

ஆனாலும் குளோன் செய்தது நிரந்தரத் தீர்வு அல்ல. பழைய இயங்குதளமும் கூடவே வருகிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. என்றைக்காவது புதிதாக நிறுவத்தான் வேண்டும்.

எனவே குளோன் செய்யும் முன் 'ஃபான்ட்ஸ்' கோப்புறையைத் தனியாக ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். குளோன் முடிந்ததும் பழைய தட்டைக் கழற்றிவிட்டு, புதியதை மட்டும் வைத்து முதல்முறை தொடங்குங்கள். இரண்டு தட்டுக்கும் ஒரே அடையாள எண் இருப்பதால், சேர்ந்து இருந்தால் விண்டோஸ் ஒன்றை முடக்கிவிடும். பழைய தட்டை உடனே அழிக்காதீங்க. சில மாதம் அலமாரியில் இருக்கட்டும்.

அடுத்து, எழுத்துரு இன்னும் வேலை செய்யும்போதே பழைய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றத் தொடங்குங்கள். மாற்றி நிரல்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. பாமினி போன்றவற்றில் ஒரு தொல்லை உண்டு: தாளில் இடையிடையே உள்ள உண்மையான ஆங்கிலச் சொற்களையும் மாற்றி நிரல் தமிழாக்கிவிடும். பலவுள் தெரிவுக் கேள்விகளில் விடைகளுக்கு முன் உள்ள ஏ, பி, சி, டி எழுத்துகளும் அப்படித்தான் சிதையும். கண்ணால் சரிபார்த்தே ஆகணும். அதற்கு நேரமில்லாத தாள்களை எழுத்துருவோடு பிடிஎஃப் ஆக்கி வையுங்கள். சொல் தேட முடியாது, ஆனால் படிக்கலாம், அச்சிடலாம்.