தாழ்ந்து நின்று தலைநிமிர்ந்த நூலகம்

ஒரு நகரம் வளர்கிறது. வீடுகள் பெருகுகின்றன, சாலைகள் அகலமாகின்றன, நிலத்தின் விலை ஏறுகிறது. அந்த நகரத்தின் நடுவே, முந்திய தலைமுறை கட்டிவைத்த பொது நூலகம் ஒன்று நிற்கிறது. நூல்கள் நிரம்பி வழிகின்றன. வாசகர் உட்கார இடமில்லை. அதை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதா? அல்லது பழையதைக் காப்பாற்றிக்கொண்டே பெரிதாக்குவதா?

உலகின் பல நகரங்கள் இந்தக் கேள்வியைச் சந்தித்திருக்கின்றன. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் இதற்கு விடை காண 1966 தொடங்கி 1993 வரை 27 ஆண்டுகளை எடுத்துக்கொண்டது. முடிவில் கிடைத்த விடை நல்ல விடைதான். ஆனால், அது வந்து சேர்வதற்குள் 400,000 நூல்கள் சாம்பலாகிப் போயின.

வாடகை அறையிலிருந்து சொந்த வீட்டுக்கு

லாஸ் ஏஞ்சலிஸ் நூலகச் சங்கம் 1872ஆம் ஆண்டு தோன்றியது. அதன் பிறகு அரை நூற்றாண்டுக் காலம் அந்நூலகத்திற்குச் சொந்த வீடு கிடையாது. சில காலம் நகர மன்றக் கட்டடத்தில் இருந்தது. பிறகு ஒரு பெரிய கடைத்தொகுதியின் மாடியில்கூட ஒண்டுக்குடித்தனம் நடத்தியது. துணியும் பாத்திரமும் வாங்க வந்தவர்களோடு நூல் இரவல் பெற வந்தவர்களும் சேர்ந்தே அந்தக் கடைக்குள் நுழைந்தார்கள்.

நகரமோ வேகமாக வளர்ந்து கொண்டிருந்தது. 1920ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 576,673 ஆக இருந்த எண்ணிக்கை, 1930ஆம் ஆண்டில் 1,238,048 ஆயிற்று. பத்தே ஆண்டுகளில் இரண்டு மடங்குக்கு மேல்! இவ்வளவு பெரிய நகரத்திற்குச் சொந்த நூலகம் இல்லாதது இழுக்கு என்ற எண்ணம் மக்களிடையே பரவியது. 1921ஆம் ஆண்டு நடந்த வாக்கெடுப்பில், கடன் பத்திரங்களின் மூலம் நூலகத்திற்கு நிதி திரட்ட அவர்கள் ஒப்புதல் அளித்தனர்.

நகர மையத்தில், முன்பு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி இருந்த மேட்டு நிலம் தேர்ந்தெடுக்கப்பட்டது. பெர்ட்ரம் குட்ஹியூ என்ற புகழ்பெற்ற கட்டடக் கலைஞரிடம் பணி ஒப்படைக்கப்பட்டது. சதுரமான கோபுரம், அதன் உச்சியில் வண்ண ஓடுகள் பதித்த கூம்பு, அதில் சூரியச் சின்னம், எல்லாவற்றுக்கும் மேலே தீப்பந்தம் ஏந்திய ஒரு கை. அறிவின் ஒளி தலைமுறை தலைமுறையாகக் கைமாறிச் செல்கிறது என்பதே அதன் பொருள். சிற்பங்களை லீ லாரி செதுக்கினார். எந்தச் சிற்பம் எங்கே அமைய வேண்டும், எந்த வாசகம் எங்கே பொறிக்கப்பட வேண்டும் என்று திட்டமிட்டவர் ஹார்ட்லி பர் அலெக்சாண்டர் என்ற தத்துவப் பேராசிரியர்.

ஆனால், குட்ஹியூ தம் படைப்பைக் கண்ணால் பார்க்கவில்லை. 1924ஆம் ஆண்டு தமது 54ஆம் வயதில் அவர் காலமானார். அவருடன் பணியாற்றிய கார்ல்டன் வின்ஸ்லோ வேலையை முடித்துக் கொடுத்தார். 1926ஆம் ஆண்டு ஜூலையில் நூலகம் திறந்து வைக்கப்பட்டது.

அழகு இருந்தது, இடம் இல்லை

நாற்பது ஆண்டுகள் கடந்தன. நகரத்தின் மக்கள்தொகை 28 லட்சத்தை எட்டிக்கொண்டிருந்தது. கட்டடமோ அப்படியே இருந்தது. நூல்களில் பெரும்பகுதி வாசகர் நுழைய முடியாத அடுக்கறைகளில் பூட்டிக் கிடந்தது. 1966ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வறிக்கை, பழைய கட்டடத்தை இடித்துவிட்டுப் புதியதொன்றைக் கட்டலாம் எனப் பரிந்துரைத்தது.

இதைக் கேட்டுப் பலர் கொதித்தெழுந்தனர். 1967ஆம் ஆண்டு நகர நிர்வாகம் அக்கட்டடத்தை வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது. 1970ஆம் ஆண்டு அது தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டிலும் இடம்பெற்றது. ஆனால், பட்டம் கொடுத்தவர்கள் பராமரிப்புக்குப் பணம் கொடுக்கவில்லை. 1969ஆம் ஆண்டு நூலகத்தின் மேற்குப் புறத் தோட்டம் அழிக்கப்பட்டு, அந்த இடம் கார் நிறுத்துமிடமாக மாறியது. தோட்டத்தில் இருந்த ‘எழுத்தர்களின் கிணறு’ என்னும் லீ லாரியின் வெண்கலச் சிற்பம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2019ஆம் ஆண்டுதான் அதன் மூன்று பகுதிகளில் ஒன்று அரிசோனா மாநிலத்தில் ஒரு பழம்பொருள் வணிகரிடம் கண்டெடுக்கப்பட்டது.

1978ஆம் ஆண்டு, நூலகத்தை இடிக்கும் திட்டத்தை எதிர்த்தவர்களின் முயற்சியால் லாஸ் ஏஞ்சலிஸ் மரபுடைமைப் பாதுகாப்புச் சங்கம் உருவானது. இன்று அந்நகரத்தின் பழைய கட்டடங்களுக்காகக் குரல் கொடுக்கும் அந்த அமைப்பு, இந்த ஒரு நூலகத்திற்காகப் பிறந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

காற்றை விற்றுக் கட்டிய மாடி

இடிக்கக் கூடாது என்று சொல்லிவிடலாம். விரிவாக்கப் பணம் எங்கிருந்து வரும்? இங்கேதான் ஒரு புதுமையான யோசனை பிறந்தது.

நகரத் திட்டச் சட்டப்படி, ஒவ்வொரு நிலத்திலும் இவ்வளவு பரப்பளவுக்குத்தான் கட்டலாம் என்ற வரம்பு உண்டு. நகர மையத்தில் அந்த வரம்பு மிகவும் தாராளமானது. வானளாவிய கட்டடம் எழுப்பக்கூடிய நிலத்தில், நூலகமோ தாழ்வாக நின்றது. அதற்கு மேலே இருந்த வெற்றுவெளி பயன்படுத்தப்படாத உரிமையாகச் சும்மா கிடந்தது. அந்த உரிமையை அண்டை நிலத்துக்காரர்களுக்கு விற்றால் என்ன? அவர்கள் தங்கள் நிலத்தில் வழக்கமான வரம்பைத் தாண்டி உயரமாகக் கட்டிக்கொள்ளலாம். அந்தப் பணத்தில் நூலகம் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளலாம்.

நகர நிர்வாகமும் மகுவயர் தாமஸ் என்ற கட்டுமான நிறுவனமும் இந்த ஏற்பாட்டுக்கு உடன்பட்டன. நூலகத்திற்கு எதிரே 73 மாடிகளோடு, 310 மீட்டர் உயரத்தில் ஒரு கோபுரம் 1989ஆம் ஆண்டு எழுந்தது. அதற்கு ‘நூலகக் கோபுரம்’ என்றே பெயர் வந்தது. 2017ஆம் ஆண்டு வரை அந்நகரத்தின் மிக உயரமான கட்டடம் அதுதான். இடத்தை வீணாக்குகிறது என்று எந்தத் தாழ்ந்த உருவத்தைக் குறை சொன்னார்களோ, அந்த உருவமே நூலகத்தின் முதலாக மாறியது.

ஆனால், இந்தத் திட்டம் தாளிலிருந்து தரைக்கு இறங்குவதற்கு முன்பே பேரிடி விழுந்தது.

ஏழரை மணி நேரத் தீ

1986ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் தேதி, முற்பகல் 11 மணிக்குச் சற்று முன்னதாக நூலகத்தின் தீ எச்சரிக்கை மணி ஒலித்தது. வாசகர்களும் ஊழியர்களும் அமைதியாக வெளியே வந்தனர். சிறிது நேரத்தில் உள்ளே திரும்பிவிடலாம் என்றே பலரும் நினைத்தனர்.

தீயோ அடுக்கறைகளுக்குள் பிடித்திருந்தது. ஒன்றன்மேல் ஒன்றாகப் பல தட்டுகளாக நூல்கள் அடுக்கப்பட்டிருந்த குறுகலான அறைகள் அவை. தட்டுகளுக்கிடையே காற்றோட்டத்திற்காக விடப்பட்ட இடைவெளிகள் புகைபோக்கிபோல் செயல்பட்டு, நெருப்பை மேலே இழுத்தன. நீர்த்தெளிப்பான்கள் இல்லை. தண்ணீர் பட்டால் நூல்கள் கெட்டுவிடும் என்ற அச்சத்தால், அக்காலத்தில் பல நூலகங்கள் அவற்றை விரும்பவில்லை. 350 தீயணைப்பு வீரர்கள் ஏழரை மணி நேரத்திற்கும் மேலாகப் போராடினர். ஏறத்தாழ 50 வீரர்கள் காயமுற்றனர். உயிர்ச்சேதம் இல்லை என்பது ஒன்றே ஆறுதல்.

சுமார் 400,000 நூல்கள் எரிந்து போயின. நூலக இருப்பில் இது ஐந்தில் ஒரு பங்கு. மேலும் 700,000 நூல்கள் புகையாலும் நீராலும் சேதமுற்றன. அதே ஆண்டு செப்டம்பர் 3ஆம் தேதி இசைப் பிரிவில் இன்னொரு தீ மூண்டது. முதல் தீ திட்டமிட்டு வைக்கப்பட்டது என்று புலனாய்வாளர்கள் கருதினர். ஆயினும், எவர் மீதும் குற்றம் நிரூபிக்கப்படவில்லை.

அந்த வாரம் உலகம் செர்னோபில் அணு உலை விபத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. அந்தப் பெருஞ்செய்தியின் நிழலில் ஒரு நூலகம் எரிந்த செய்தி மறைந்து போயிற்று.

உறைநிலையில் காத்திருந்த நூல்கள்

நனைந்த நூலில் இரண்டு மூன்று நாள்களுக்குள் பூஞ்சணம் பிடித்துவிடும். அதைத் தடுக்க ஒரே வழி உறைய வைப்பதுதான். ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொண்டர்கள் திரண்டு வந்தனர். கரி படிந்த படிக்கட்டுகளில் வரிசையாக நின்று, கைக்குக் கை மாற்றி நூல்களை வெளியே கொண்டு வந்து பெட்டிகளில் அடுக்கினர். நனைந்த நூல்கள் உணவுப் பொருள்களைச் சேமிக்கும் குளிர்பதனக் கிடங்குகளுக்குச் சென்றன. காய்கறிகளோடும் மீன்களோடும் அவை இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக உறைந்து கிடந்தன.

பிறகு அவை வெற்றிட அறைகளில் உலர்த்தப்பட்டன. வெற்றிடத்தில் பனிக்கட்டி தண்ணீராக உருகாமல் நேரடியாக ஆவியாகிவிடும். தாள் மறுபடியும் நனைவதில்லை. விண்வெளிக் கருவிகளைச் சோதிப்பதற்காக அமைக்கப்பட்ட அறைகூட இதற்குப் பயன்பட்டது.

இழந்த நூல்களை மீண்டும் வாங்க, நகர முதல்வர் டாம் பிராட்லியும் நூலகத்திற்கு எதிரே தலைமையகம் கொண்டிருந்த ஆர்க்கோ எண்ணெய் நிறுவனத்தின் தலைவர் லாட்ரிக் குக்கும் ‘நூல்களைக் காப்போம்’ என்ற நிதித் திட்டத்தைத் தொடங்கினர். 10 மில்லியன் அமெரிக்க வெள்ளி திரண்டது. பள்ளிப் பிள்ளைகளும் தங்கள் சேமிப்பைக் கொடுத்தனர்.

மண்ணுக்குள் நான்கு மாடி

நியூயார்க்கைச் சேர்ந்த ஹார்டி ஹோல்ஸ்மன் ஃபைஃபர் நிறுவனம் விரிவாக்கத்தை வடிவமைத்தது. பழைய கட்டடத்தைவிடப் புதியது உயர்ந்து நிற்கக்கூடாது என்பது அவர்கள் தமக்குத்தாமே விதித்துக்கொண்ட கட்டுப்பாடு. அப்படியானால் இடத்தை எங்கே தேடுவது? பூமிக்குள்தான்! கிழக்குப் புறத்தில் எழுந்த புதிய பகுதியில் எட்டு மாடிகள். அவற்றில் நான்கு நிலத்துக்கு அடியில் உள்ளன. நடுவே கண்ணாடிக் கூரையுடன் கூடிய திறந்தவெளி கீழ்த்தளம் வரை இறங்குவதால், ஆழத்திலும் பகல் வெளிச்சம் விழுகிறது. இப்பகுதிக்கு டாம் பிராட்லியின் பெயர் சூட்டப்பட்டது.

பழைய பகுதியில் கரி துடைக்கப்பட்டது. நடுமண்டபத்தில் டீன் கார்ன்வெல் தீட்டிய மாபெரும் சுவரோவியங்கள் துலக்கப்பட்டன. கலிஃபோர்னியாவின் வரலாற்றைச் சொல்லும் ஓவியங்கள் நிறைந்த வாசிப்பறை ஒன்று சிறுவர் பகுதியாயிற்று. கார் நிறுத்துமிடம் மண்ணுக்குள் போயிற்று. அதன் மேல் தோட்டம் மீண்டும் பூத்தது. மொத்தப் பரப்பளவு ஏறக்குறைய இரட்டிப்பாகி 538,000 சதுர அடியை எட்டியது. நீர்த்தெளிப்பான்களும் இம்முறை மறக்கப்படவில்லை. 1993ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆம் தேதி நூலகம் மீண்டும் திறக்கப்பட்டது.

நமக்கு அருகில்

இந்தக் கேள்வி லாஸ் ஏஞ்சலிஸுக்கு மட்டும் உரியதன்று. சிங்கப்பூரில் ஸ்டாம்ஃபோர்டு சாலையில் நின்ற செங்கல் நிறத் தேசிய நூலகம் பலருக்கும் நினைவிருக்கும். நூலகம் எல்லாருக்கும் இலவசமாக இருக்க வேண்டும், தாய்மொழி நூல்களும் அங்கே இடம்பெற வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடைவள்ளல் லீ கோங் சியான் 375,000 வெள்ளி வழங்க, 1960ஆம் ஆண்டு திறக்கப்பட்ட நூலகம் அது. தமிழ் நூல்களைத் தேடி அங்கே சென்று வளர்ந்தவர்கள் உண்டு. சுரங்கச் சாலை அமைப்பதற்காக 2004ஆம் ஆண்டு அது மூடப்பட்டு, பின்னர் இடிக்கப்பட்டது. மறு ஆண்டு விக்டோரியா சாலையில் 16 மாடிகளோடு புதிய நூலகம் திறந்தது. வசதியில் பழையது இதற்கு ஈடாகாது. ஆயினும், பழைய வாசல் தூண்கள் இரண்டு நின்ற இடத்திலேயே நிற்கின்றன. அவற்றைக் கடக்கும்போது சிலருடைய நடை இன்றும் தயங்குகிறது.

ஒவ்வொரு நகரத்திற்கும் அதனதன் நெருக்கடி உண்டு. ஆனால், லாஸ் ஏஞ்சலிஸ் கற்ற பாடம் ஒன்று பொதுவானது. ஒரு கட்டடத்தை வரலாற்றுச் சின்னம் என்று அறிவித்தால், இடிப்பவர்களிடமிருந்து அதைக் காக்கலாம். புறக்கணிப்பிலிருந்து காக்க அது போதாது. 1967ஆம் ஆண்டு கிடைத்த பட்டத்தால் 1986ஆம் ஆண்டின் தீயை அணைக்க முடியவில்லை. அந்த இடைப்பட்ட 19 ஆண்டுகளில், இன்று அந்த மண்ணுக்கடியில் இருக்கும் மாடிகள் எழுந்திருந்தால், அந்த 400,000 நூல்களில் பெரும்பாலானவை இன்றும் எவர் கையிலோ விரிந்திருக்கும்.