புள்ளி வைப்பவரும் வண்ணம் இடுபவரும்: கணினி விளையாட்டில் தீராத ஒரு வழக்கு

கணினியில் விளையாடும் இளைஞரிடையே தீராத வழக்கு ஒன்று நெடுநாளாக நடந்து வருகிறது. விலையுயர்ந்த கிராபிக்ஸ் அட்டை ஒன்றை வாங்கிப் பொருத்திய பின்னும் ஆட்டம் எதிர்பார்த்த விரைவைப் பெறவில்லையாயின் குற்றம் யாருடையது? அட்டையினுடையதா, அதற்கு வேலை கொடுக்கும் செயலியினுடையதா? வணிகர் இதனைப் ‘பாட்டில்நெக்’ என்னும் ஒரே சொல்லால் முடித்துவிடுவர். சாலாக் செலாத்தானில் எல்.ஆர்.டி. வண்டி ஏறி, ஹாங் துவாவில் இறங்கி, புக்கிட் பிந்தாங் வட்டாரத்து லோ யாட் பிளாசாவின் கடைகளை நாடிச் செல்லும் மாணவனுக்கும், அவனுக்குப் பணம் கொடுத்தனுப்பும் பெற்றோருக்கும் இச்சொல் சிறிய செய்தியன்று. ஒரு குடும்பம் பல மாதம் சேர்த்த பணம் இதனால் பயன்படலாம், பாழாகவும் போகலாம். ஆதலின் இவ்வழக்கின் வரலாற்றைச் சற்று ஆராய்தல் பயனுடையதாகும்.

வேலைப் பிரிவினை

தீபாவளி நெருங்கும் நாள்களில் கோலாலம்பூரின் வணிக வளாகங்களில் வண்ண அரிசியால் பெருங்கோலம் இடப்படுவதைப் பலரும் கண்டிருப்பர். ஒருவர் புள்ளி வைத்துக் கோடு இழுப்பார். மற்றொருவர் அக்கோட்டுக்குள் வண்ணத்தை நிரப்புவார். கணினி விளையாட்டிலும் இத்தகைய பிரிவினையே உண்டு. பகைவன் எங்கே நிற்கிறான், எறிந்த பொருள் எத்திசையில் செல்கிறது, மோதிய வண்டி எப்பக்கம் சாய்கிறது என்பனவற்றைக் கணக்கிட்டு, ‘இன்ன பொருளை இன்ன இடத்தில் வரைக’ என்று ஆணை பிறப்பிப்பது செயலி. அவ்வாணைப்படி உருவங்களை அமைத்து, திரையின் ஒவ்வொரு புள்ளிக்கும் உரிய நிறத்தையும் ஒளியையும் நிழலையும் தருவது கிராபிக்ஸ் அட்டை.

திரையில் நாம் காணும் அசைவு, அடுத்தடுத்து வரையப்படும் படங்களின் தொடரேயாகும். ஒரு விநாடிக்கு 60 படம் வேண்டுமாயின் ஒவ்வொரு படமும் 16.7 மில்லி விநாடிக்கு ஒன்றாக முடிந்து வர வேண்டும். 144 படம் வேண்டுமாயின் 6.9 மில்லி விநாடிக்கு ஒன்றாக வர வேண்டும்.

ஒரு செயலி ஒரு படத்துக்கு 10 மில்லி விநாடியும், அட்டை 20 மில்லி விநாடியும் எடுத்துக்கொள்வதாக வைத்துக்கொள்வோம். அட்டை ஒரு படத்துக்கு நிறமிடும்போதே செயலி அடுத்த படத்தின் கணக்கைத் தொடங்கிவிடும். ஆகவே இரண்டு காலத்தையும் கூட்ட வேண்டுவதில்லை. மெதுவானது எதுவோ அதுவே அளவுகோல். விநாடிக்கு 50 படம் கிடைக்கும். இருமடங்கு விரைவுள்ள அட்டையை வாங்கினால் அதன் வேலையும் 10 மில்லி விநாடியில் முடிந்து, 100 படம் கிடைக்கும். அதனினும் இருமடங்கு விரைவுள்ள அட்டையை வாங்கினாலோ, படம் 100 தான், ஒன்றும் கூடாது. அட்டை பாதிநேரம் கைகட்டிக் காத்திருக்கும். செயலி அட்டையைக் கட்டுப்படுத்துகிறது என்பதன் பொருள் இதுவே.

இக்கருத்து கணினி விளையாட்டுக்கு முந்தியது. ஐ.பி.எம். நிறுவனத்தின் கணினிகளை வடிவமைத்த ஜீன் அம்டால் என்னும் அறிஞர் 1967-ஆம் ஆண்டு அமெரிக்கக் கணினி மாநாடு ஒன்றில் இதையொத்த வாதத்தை முன்வைத்தார். ஒரு வேலையின் ஒரு பகுதியை மட்டும் விரைவுபடுத்தினால் மொத்தப் பயன், விரைவுபடுத்தாத பகுதியால் வரையறுக்கப்படும் என்பது அவர் முடிபு. வேலையில் பத்தில் நான்கு பங்கு மாறாமல் நின்றால், ஏனைய ஆறு பங்கை நொடிப்பொழுதில் முடித்தாலும் மொத்த விரைவு இரண்டரை மடங்கைத் தாண்டாது.

செயலியே எல்லாம் செய்த காலம்

1981-இல் ஐ.பி.எம். வெளியிட்ட தனியாள் கணினியில் இன்டெல் 8088 என்னும் செயலி, 4.77 மெகா ஹெர்ட்ஸ் விரைவில் ஓடியது. திரைக்கென ஓர் அட்டை அதில் இருந்ததாயினும், அது செயலி எழுதித் தந்ததைக் காட்டும் பலகையாகவே விளங்கிற்று. 1993 டிசம்பரில் வெளிவந்த ‘டூம்’ என்னும் ஆட்டத்திலும் நிலைமை இதுவே. அது 320-க்கு 200 என்னும் அளவில், அதாவது 64,000 புள்ளிகளில், விநாடிக்கு 35 படம் வரையில் வரைந்தது. அப்புள்ளிகளின் நிறத்தைக் கணக்கிட்டதெல்லாம் செயலிதான். அந்நாளில் 386 வகைச் செயலி திணறியது. 486 வகைச் செயலி சமாளித்தது. வழக்குக்கே இடமில்லை, குற்றமும் புகழும் ஒருவருக்கே உரியவை.

1996-இல் வந்த ‘குவேக்’ ஓர் அரிய பாடம் கற்பித்தது. அதன் கணக்குகள் பின்ன எண்களைப் பெரிதும் நம்பியிருந்தன. இன்டெல் பென்டியம் செயலியின் பின்ன எண் பகுதி வலிமையுடையது. அலுவலக வேலைகளில் அதனோடு போட்டியிட்ட சைரிக்ஸ் 6எக்ஸ்86 செயலி இவ்வாட்டத்தில் பின்தங்கியது. ஒரு செயலி எல்லா வேலைக்கும் ஒரே தரத்ததன்று என்பதை அன்றே பலர் கண்டனர்.

பணி பிரிந்தது

அதே 1996-இல் 3டிஎஃப்எக்ஸ் என்னும் நிறுவனம் ‘வூடூ’ அட்டையை வெளியிட்டது. உருவத்தின் மேல் நிறம் பூசும் வேலையைச் செயலியின் தோளிலிருந்து அது இறக்கி வைத்தது. ஆயினும் உருவங்களின் மூலைகள் திரையில் எங்கெங்கே விழும் என்னும் வடிவக் கணக்கு இன்னும் செயலியிடமே இருந்தது. ஆகவே 1998-இல் அடுத்த ‘வூடூ2’ அட்டை வந்தபோது, பழைய பென்டியத்தில் அதைப் பொருத்தியவர்கள் அதன் முழு ஆற்றலையும் காணவில்லை. இன்றைய வழக்கு தொடங்கியது அப்போதுதான் எனலாம்.

1999-இல் என்விடியா நிறுவனம் ‘ஜீஃபோர்ஸ் 256’ அட்டையை வெளியிட்டது. வடிவக் கணக்கையும் ஒளிக் கணக்கையும் அது தானே ஏற்றுக்கொண்டது. இதற்கெனவே அந்நிறுவனம் ‘ஜி.பி.யு.’ என்னும் பெயரைப் பரப்பியது. 3டிஎஃப்எக்ஸ் தரப்போ, வடிவக் கணக்கை விரைவான செயலிகளே பார்த்துக்கொள்ளும், அட்டைக்கு நிறமிடும் விரைவே முதன்மை என்னும் வழியில் நின்றது. அன்றிருந்த ஆட்டங்களைக் கொண்டு பார்த்தால் அவ்வாதம் முற்றிலும் தவறன்று. ஆயின் பின்வந்த ஆட்டங்களில் உருவங்கள் பெருகின. செயலியின் சுமையைக் குறைக்கும் வழியே வென்றது. புதிய அட்டைகள் காலந்தாழ்ந்து வந்ததும், அட்டைகளைத் தானே உற்பத்தி செய்யப் புகுந்ததும் சேர்ந்து 3டிஎஃப்எக்ஸை வீழ்த்தின. 2000 டிசம்பரில் அதன் உடைமைகளை என்விடியா வாங்க உடன்பாடு ஏற்பட்டது.

நம் நாட்டின் பங்கு

இவ்வரலாறு கடல்கடந்த நாடுகளுக்கு மட்டும் உரியதன்று. 1972-இல் பினாங்கின் பாயான் லெப்பாஸில் தடையற்ற வணிக வட்டாரம் தொடங்கியபோது, இன்டெல் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையை அங்கு நிறுவியது. அவ்வாண்டிலேயே ஏ.எம்.டி.யும் பினாங்கில் கால்கொண்டது. முதலமைச்சர் லிம் சோங் யூவின் முயற்சி இதில் பெரிது. கிள்ளான் பள்ளத்தாக்கில் சுங்கை வே வட்டாரமும் மின்னணுத் தொழிலுக்கு இடந்தந்தது. தோட்டப்புறங்களை விட்டு நகரை நாடிய நம் பிள்ளைகள் பலரும், குறிப்பாகப் பெண்கள், இத்தகைய ஆலைகளில் வேலை பார்த்தனர். சில்லுகளைப் பிரித்து, உறையிட்டு, சோதித்து அனுப்பும் நுண்பணி அவர்தம் கைகளில் நடந்தது. இன்டெல் செயலிகள் பலவற்றின் உலோக மூடியில் ‘மலாய்’ என்னும் எழுத்துகளைக் காணலாம். நம் நாட்டில் உறையிடப்பட்டதற்கு அதுவே சான்று. ஆட்டத்தை மெதுவாக்குவதாக இன்று ஏசப்படும் செயலி, ஒருகால் நம் உற்றார் ஒருவர் சோதித்து அனுப்பியதாக இருத்தல் கூடும்.

விரைவு நின்ற இடம்

ஆண்டுதோறும் செயலியின் துடிப்பு ஏறிக்கொண்டே போகும் என்று ஒருகாலத்தில் நம்பினர். 2004-இல் இன்டெல் பென்டியம் 4 செயலி 3.8 கிகா ஹெர்ட்ஸை எட்டியதோடு நின்றது. 4 கிகா ஹெர்ட்ஸ் திட்டம் அவ்வாண்டே கைவிடப்பட்டது. வெப்பமே தடையாயிற்று. 2005 முதல் ஒரே சில்லில் இரண்டு கருக்களை வைக்கும் வழக்கம் பரவியது. ஆனால் அட்டைக்கு ஆணை எழுதும் வேலை நெடுங்காலம் பெரும்பாலும் ஒரே கருவின் தலையில்தான் இருந்தது. நான்கு பேர் இருந்தும் ஒருவரே புள்ளி வைப்பது போன்றது இது. ஏ.எம்.டி. 2013-இல் அறிவித்த ‘மேன்டில்’, 2015-இல் விண்டோஸ் 10-உடன் வந்த ‘டைரக்ட்எக்ஸ் 12’, 2016-இல் வந்த ‘வல்கன்’ ஆகிய முறைகள் அவ்வேலையைப் பல கருக்களுக்குப் பகிரவும், ஒவ்வோர் ஆணைக்கும் ஆகும் உழைப்பைக் குறைக்கவும் வழிசெய்தன.

2022-இல் ஏ.எம்.டி. வெளியிட்ட ‘ரைசன் 7 5800எக்ஸ்3டி’ மற்றொரு உண்மையை விளக்கியது. அதற்கு முன்வந்த 5800எக்ஸ் செயலியைவிட அதன் துடிப்பு சற்றுக் குறைவு. ஆனால் உள்நினைவகம் 32 மெகாபைட்டிலிருந்து 96 மெகாபைட்டாக உயர்த்தப்பட்டிருந்தது. பல ஆட்டங்களில் அது முந்தியதைவிட விரைந்து ஓடியது. செயலி பல நேரம் கணக்கில் தாமதிப்பதில்லை. கணக்குக்கு வேண்டிய எண்கள் நினைவகத்திலிருந்து வந்து சேரவே காத்திருக்கிறது என்பது இதனால் புலனாயிற்று.

தீர்ப்பு என்ன?

செயலி அட்டையைக் கட்டுப்படுத்துமா என்னும் வினாவுக்கு விடை, ‘ஆம், சில இடங்களில்’ என்பதே. எவ்விடங்களில் என்பதைக் காசு செலவின்றியே அறியலாம். 1920-க்கு 1080 என்னும் திரையளவில் ஏறத்தாழ 20 இலட்சத்து 74 ஆயிரம் புள்ளிகள் உள்ளன. 3840-க்கு 2160 என்னும் அளவிலோ அதைப்போல் நான்கு மடங்கு. கோலத்தின் பரப்பைப் பெருக்கினால் வண்ணமிடுபவருக்கு வேலை கூடும். புள்ளிகளின் எண்ணிக்கை மாறாதவரை புள்ளி வைப்பவருக்குக் கூடாது. ஆகவே ஆட்டத்தின் திரையளவைக் குறைத்துப் பார்க்க வேண்டும். படங்களின் எண்ணிக்கை நன்கு உயர்ந்தால், தடை அட்டையிடம் இருந்தது. சற்றும் உயராவிடில், தடை பெரும்பாலும் செயலியின் பக்கத்தில் உள்ளது. படங்களின் எண்ணிக்கைக்கு ஆட்டத்திலோ திரையிலோ உச்சவரம்பு விதித்திருந்தால், சோதிக்குமுன் அதை நீக்கிவிடல் வேண்டும்.

செயலி 20 விழுக்காடே உழைக்கிறது என்று கணினி காட்டுவதைக் கண்டு ஏமாறலும் ஆகாது. எட்டுக் கருவுள்ள செயலியில் ஒரே கரு முழுமூச்சாக உழைத்தாலும், மொத்தக் கணக்கில் அது எட்டில் ஒரு பங்கு, அதாவது 12.5 விழுக்காடாகவே தெரியும்.

ஆட்டத்தின் இயல்பையும் நோக்க வேண்டும். ‘கவுன்டர் ஸ்டிரைக்’ போன்ற போட்டி ஆட்டங்களைக் குறைந்த அழகில், மிகுந்த விரைவில் ஆடுவோர்க்குச் செயலியே எல்லை வகுக்கும். நகரமைப்பு ஆட்டங்களில் ஆயிரக்கணக்கான மாந்தரின் போக்கைக் கணக்கிடுவதும் செயலியே. பெரிய திரையில், ஒளியும் நிழலும் செறிந்த காட்சிகளை விரும்புவோர்க்கு அட்டையே எல்லை. இவை எவற்றையும் கேளாமல், இந்தச் செயலிக்கு இந்த அட்டை இத்தனை விழுக்காடு பொருந்தாது என்று ஒரே எண்ணைச் சொல்வது அறிவியலுக்கு ஒவ்வாது.

ஒரு தடையை நீக்கினால் அடுத்தது தலைதூக்கும் என்பதே இந்த வரலாறு காட்டும் உண்மை. தடையே இல்லாத கணினி எக்காலத்தும் இருந்ததில்லை. விநாடிக்கு 60 படம் மட்டும் காட்டும் திரையை உடையவன், 60 படம் தடையின்றிக் கிடைக்கும்போது, எப்பகுதி காத்திருக்கிறது என்று கவலைப்பட வேண்டுவதில்லை. பணத்தை எடுக்குமுன் அளவை எடுக்கும் பழக்கத்தைப் பிள்ளைகளுக்குக் கற்பித்தால், அது விளையாட்டோடு நின்றுவிடாமல் வாழ்வின் பிற துறைகளிலும் அவர்களுக்குக் கைகொடுக்கும்.