மயக்கம் தெளிந்த பிறகு



சத்திரசிகிச்சையின் வரலாறு என்றால் பெரும்பாலும் கத்தியைப் பற்றித்தான் பேசுவார்கள். இந்த மாத உரைக்கு நான் எடுத்துக்கொண்ட விடயம் கத்தி வைத்து முடிந்த பிறகு வருவது. மயக்கமருந்து தெளிந்து கண் விழித்ததும் வரும் ஓங்காளம், வாந்தி, தலையிடி, நடுக்கம், தொண்டை நோ ஆகியவை. இவற்றால் பொதுவாக உயிர் போவதில்லை. அதனாலேயே நீண்டகாலம் யாரும் இவற்றைக் கணக்கில் எடுக்கவில்லை.

இதில் எனக்கும் ஒரு சொந்தக் கணக்கு உண்டு. சில வருடங்களுக்கு முன் இங்கே ஸ்டுட்கார்ட்டில் ஒரு வைத்தியசாலையில் எனக்குக் குடலிறக்கச் சத்திரசிகிச்சை நடந்தது. முதல் நாள் மயக்கமருந்து வைத்தியர் ஒரு படிவம் தந்தார். நானோ வருடம் முழுவதும் மற்றவர்களின் படிவங்களை நிரப்புகிற கணக்காளன். எல்லாக் கேள்விக்கும் 'நைன்' என்று அடையாளமிட்டு ஐந்து நிமிடத்தில் கையெழுத்து வைத்துவிட்டேன். பயணத்தில் குமட்டல் வருவதுண்டா என்ற கேள்விக்கும் அதே பதில்தான். யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு பஸ்ஸில் போன காலத்தில் வழி முழுக்கத் தேசிக்காயை மணந்துகொண்டு போனவன் நான். ஆனால் பஸ்ஸுக்கும் குடலிறக்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்தேன்.

அன்று பின்னேரம் தொடங்கிய சத்தி அடுத்த நாள் விடியும்வரை நிற்கவில்லை. ஒவ்வொரு தடவையும் தையல் பிரிந்துவிடுமோ என்று பயந்து வயிற்றைக் கையால் பொத்திப் பிடித்தபடி கிடந்தேன். வெட்டிய நோவைவிட அதுதான் பெரிதாக இருந்தது. வீட்டுக்கு வந்த பிறகு இதன் வரலாற்றைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

1846 ஒக்டோபர் 16ஆம் திகதி அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் வில்லியம் மோர்ட்டன் ஈதர் ஆவியைக் கொடுத்து, நோவில்லாத சத்திரசிகிச்சையைப் பலர் முன்னிலையில் காட்டினார். சரியாக நூறு நாளில், 1847 ஜனவரி 24ஆம் திகதி, ஜேர்மனியின் எர்லாங்கன் நகரில் ஹைஃபெல்டர் என்ற வைத்தியர் அதைப் பயன்படுத்திவிட்டார். அதே ஆண்டு நவம்பரில் எடின்பரோவில் சிம்சன் குளோரோஃபோமைக் கொண்டுவந்தார். அதுவரை நாலுபேர் அமுக்கிப் பிடிக்க, அலற அலற வெட்டுப்பட்ட மனிதருக்கு இது எவ்வளவு பெரிய வரம் என்று சொல்லத் தேவையில்லை.

ஆனால் வரத்தோடு ஒரு கடனும் வந்தது. ஈதர் காலத்தில் முக்கால்வாசிப் பேர் விழித்ததும் வாந்தி எடுத்தார்கள். லண்டன் வைத்தியர் ஜோன் ஸ்னோ 1848இலேயே இதைப் பற்றி எழுதினார். சாப்பிட்டு அதிக நேரமாகாதவர்களுக்கும், முடிந்த கையோடு இடம் மாற்றப்படுபவர்களுக்கும் வாந்தி வருவதை அவர் கவனித்தார். வைனும் அபினும் கொடுத்துப் பார்த்தார். அபினே வாந்தியை உண்டாக்கும் மருந்து என்பது நமக்கு இன்று தெரியும். மற்ற வைத்தியர்கள் பெரும்பாலும், நோவில்லாமல் வெட்டியிருக்கிறோம், இதைப் பொறுக்கக் கூடாதா என்ற எண்ணத்தில்தான் இருந்தார்கள்.

இந்த எண்ணத்தோடு தொடர்புடைய சுவையான கதை ஒன்று ஜேர்மனியின் வட அந்தத்தில், கீல் நகரில் நடந்தது. அங்கே ஆகுஸ்ட் பியர் என்ற சத்திரசிகிச்சை வைத்தியர் 1898 ஆகஸ்டில், முழு மயக்கம் கொடுக்காமல் முள்ளந்தண்டு நீருக்குள் கொக்கெயின் மருந்தை ஏற்றி இடுப்புக்குக் கீழே விறைக்கச் செய்யும் முறையைத் தொடங்கினார். முதல் நோயாளி 34 வயதுத் தொழிலாளி. கால் விறைத்தது, வேலை முடிந்தது. ஆனால் பிறகு தலையிடியும் வாந்தியும் வந்தன. வேறு நோயாளிகளும் இவ்வாறு முறையிட்டார்கள்.

பியர் அவர்களைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. ஆகஸ்ட் 24ஆம் திகதி தன் உதவியாளர் ஹில்டெபிராண்டைக் கூப்பிட்டு, தன் நாரியிலேயே ஊசி ஏற்றச் சொன்னார். ஊசி உள்ளே போனபின் பார்த்தால் மருந்துக் குழாய் அதற்குப் பொருந்தவில்லை! முள்ளந்தண்டு நீர் நிறைய வழிந்து போனது. உடனே ஹில்டெபிராண்ட் தன் முதுகைக் கொடுத்தார். அவருக்கு விறைத்ததும் பியர் ஊசியால் குத்தினார், சுருட்டால் சுட்டார், கெண்டைக்கால் எலும்பில் இரும்புச் சுத்தியலால் அடித்தார். ஒன்றும் நோகவில்லை. இருவரும் அன்றிரவு வைன் குடித்து, சுருட்டுப் பிடித்துக் கொண்டாடினார்கள்.

அடுத்த நாள் கணக்கு வந்து சேர்ந்தது. ஹில்டெபிராண்டுக்கு வாந்தி, தலையிடி, அடிபட்ட காலில் நோ. பியருக்கு எழுந்தால் தலையிடியும் தலைச்சுற்றும், படுத்தால் சுகம். ஒன்பது நாள் படுக்கையில் கிடந்தார். 1899இல் எழுதிய கட்டுரையில் அவர் எதையும் மறைக்கவில்லை. நீர் வழிந்து போனதுதான் தலையிடிக்குக் காரணம் என்று ஊகித்தார். அந்த ஊகம் சரியென்று பின்னால் தெரிந்தது. ஊசி மெலிந்தது, அதன் முனையின் வடிவமும் மாறியது. இன்று அந்தத் தலையிடி மிகவும் குறைவு. வந்தாலும், நோயாளியின் இரத்தத்தையே சிறிது எடுத்து அந்த இடத்துக்கு அருகில் ஏற்றி ஓட்டையை அடைக்கும் சிகிச்சை 1960 முதல் உண்டு. வைத்தியர் தானே நோயாளியாகக் கிடந்ததால் கிடைத்த அறிவு இது.

வாந்தி விடயத்தில் இன்னும் நூறு வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது. 1999இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளிவந்தது. சத்திரசிகிச்சைக்கு வந்தவர்களிடம், உங்களிடம் நூறு டொலர் இருந்தால் எந்தக் கஷ்டத்தைத் தவிர்க்க எவ்வளவு கொடுப்பீர்கள் என்று கேட்டார்கள். ஏறக்குறைய 18 டொலருடன் முதலிடம் வாந்திக்கு. வெட்டிய நோவும் அதற்குப் பின்னால்தான்! கணக்காளனான எனக்கு இந்த ஐந்தொகை மிகவும் பிடித்துப் போனது.

அதே 1999இல், இங்கிருந்து ரயிலில் இரண்டு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஓடினால் வரும் வூர்ஸ்பூர்க் நகரில், கிறிஸ்டியன் அப்ஃபெல் என்ற வைத்தியரும் அவருடைய குழுவினரும் வாந்தி யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்லும் ஒரு எளிய கணக்கை வெளியிட்டார்கள். நாலே கேள்விகள். பெண்ணா? புகைப்பதில்லையா? பயணக் குமட்டலோ, முந்திய சத்திரசிகிச்சைக்குப் பின் வாந்தியோ வந்ததுண்டா? பிறகு மோர்ஃபின் வகை நோமருந்து தேவைப்படுமா? ஒவ்வொரு ஆமுக்கும் ஒரு புள்ளி. புள்ளி இல்லாவிட்டால் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு ஓங்காளமோ வாந்தியோ வரும். ஒன்றானால் 21, இரண்டானால் 39, மூன்றானால் 61, நாலும் சேர்ந்தால் 79.

என் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். பெண் என்பதைத் தவிர மற்ற மூன்றும் எனக்கு உண்டு. 61! நம் தாய்மாரை நினைத்துப் பாருங்கள். பெண், புகைப்பதில்லை, பெரிய சத்திரசிகிச்சை என்றால் நோமருந்தும் வேண்டும். வாயைத் திறக்கும் முன்பே மூன்று புள்ளி. பஸ்ஸில் சத்தி வருகிறவரென்றால் நாலு.

காரணம் சிக்கலானதல்ல. மூளையின் வாந்தி மையத்துக்கு வயிறு, உட்காது, இரத்தம் என்று பல வழிகளில் செய்தி போகிறது. பஸ் குலுங்கும்போது உட்காதின் வழி திறக்கிறது. மயக்கவாயுவும் நோமருந்தும் வேறு வழிகளைத் திறக்கின்றன. ஒரு மருந்து ஒரு கதவைத்தான் மூடும். 5,199 நோயாளிகளை வைத்து அப்ஃபெல் குழு 2004இல் வெளியிட்ட ஆய்வில், ஒண்டான்செட்ரோன், டெக்சாமெதசோன், டிரோபெரிடோல் ஆகிய மூன்றும் தனித்தனியே ஆபத்தைக் கால்வாசி அளவு குறைத்தன. சேர்த்துக் கொடுத்தால் இன்னும் குறைந்தது. வாயுவுக்குப் பதிலாக நரம்பு வழியே புரோபோஃபோல் கொடுப்பதும் உதவுகிறது.

ஆனால் இவ்வளவும் தொடங்குவது அந்தப் படிவத்தில் நாம் சொல்லும் பதிலில்தான். பியர் தன் தலையிடியைத் தானே உணர்ந்தார். நம்முடைய வைத்தியருக்கு நாம் சொன்னால்தான் தெரியும். நம்மவரில் பலர், குறிப்பாக வயதானவர்கள், டொக்டருக்கு முன்னால் 'யா, யா' என்று தலையாட்டிவிட்டு வருகிறோம். பாஷை விளங்காதது ஒரு காரணம். அவரைக் கரைச்சல் படுத்தக்கூடாது என்ற மரியாதை இன்னொன்று.

எர்லாங்கனில் ஈதர் வந்த அதே 1847இல் தான் சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க வைத்தியர் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் நம்மவருக்கு வைத்தியம் கற்பித்ததோடு, மேல்நாட்டு வைத்திய நூல்களைத் தமிழிலும் கொண்டுவந்தார். வைத்தியம் மக்களின் பாஷையில் நடக்கவேண்டும் என்பது அவர் எண்ணம். ஜேர்மனியில் 2013ஆம் ஆண்டின் நோயாளர் உரிமைச் சட்டமும், வைத்தியர் வாய்மொழியாக, நோயாளிக்கு விளங்கும்படி விளக்கவேண்டும் என்கிறது. கையெழுத்திட்ட படிவத்தின் பிரதியும் தரவேண்டும். ஆகவே விளங்காவிட்டால் விளங்கவில்லை என்று சொல்லுங்கள். பாஷை தெரிந்த பிள்ளையையோ அயலவரையோ கூட்டிச் செல்லுங்கள்.

இரண்டு வருடம் கழித்து எனக்குப் பித்தப்பைச் சத்திரசிகிச்சை வந்தது. இந்த முறை படிவத்தை எடுத்ததும் பஸ், தேசிக்காய், முந்திய இரவு எல்லாவற்றையும் சொன்னேன். அந்த மயக்கமருந்து வைத்தியை சிரித்துக்கொண்டே கேட்டு, இரண்டு வரி எழுதிக்கொண்டார். வாயுவைத் தவிர்த்து, வாந்தி மருந்து இரண்டும் கொடுத்தார்கள். விழித்ததும் கொஞ்சம் நடுங்கினேன், தொண்டை காய்ந்திருந்தது. சத்தி வரவேயில்லை. இரவு சூப் குடித்தேன்.

நான் வைத்தியன் அல்லன். மருந்தை வைத்தியரே தீர்மானிக்கட்டும். ஆனால் முந்திய சத்திரசிகிச்சைக்குப் பின் உங்களுக்கு என்ன நடந்தது என்பதை இன்றிரவே ஒரு தாளில் எழுதி, காப்புறுதி அட்டையோடு வைத்துவிடுங்கள். வீட்டில் இருக்கும் அம்மாவிடமும் கேட்டு எழுதுங்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம்.