பாதத் தொங்கல் அறுவை சிகிச்சையும் நடை மீட்பும்

பாதத் தொங்கல் என்பது கணுக்காலை மடக்கிப் பாதத்தை மேல்நோக்கித் தூக்க முடியாமல் போகும் நிலை. முழங்காலுக்குச் சற்றுக் கீழே, காலின் வெளிப்பக்கம் தடவிப் பார்த்தால் சிறிய எலும்பு முனை ஒன்று விரலுக்குத் தட்டுப்படும். அந்த எலும்பின் கழுத்தைச் சுற்றித் தோலுக்கு அடியிலேயே ஓடும் பெரோனியல் நரம்புதான் பாதத்தைத் தூக்கும் தசைகளை இயக்குகிறது. எலும்பு முறிவாலும், முழங்கால் மூட்டு விலகுவதாலும், இறுக்கிப் போட்ட மாவுக்கட்டாலும் அது சேதமடையலாம். இந்தியாவில் நெடுங்காலமாக இதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்றாக இருந்துவருவது தொழுநோய். இனி மீளாது என்று உறுதியான நரம்புக்கு மாற்றாகச் செய்யப்படும் தசைநாண் மாற்று அறுவை சிகிச்சையையும், அதற்குப் பின் நோயாளி மீண்டும் நடக்கக் கற்பதையும் இக்கட்டுரை தொழுநோயை முன்வைத்து விளக்குகிறது.

பாதம் தொங்கிவிட்டவர், விரல்கள் தரையில் இடறாமலிருக்க முழங்காலை உயரத் தூக்கி நடப்பார். பாதம் ‘தப்’பென்று தரையில் விழும். குதிகாலில் தொடங்க வேண்டிய அடி, பாதத்தின் முன்பகுதியிலும் வெளி விளிம்பிலும் போய் விழுகிறது. உணர்ச்சியுள்ள காலாக இருந்தால் அந்த இடம் வலித்து எச்சரிக்கும். தொழுநோயில் உள்ளங்காலின் உணர்வும் பெரும்பாலும் போயிருப்பதால் தோல் தடித்து, உள்ளே நைந்து, ஆறாத புண்ணாகிறது. புண் எலும்பைத் தொட்டால் விரல்களையே இழக்க நேரிடும். ஆகவே இந்த அறுவை சிகிச்சையை நடையை அழகாக்கும் ஏற்பாடாகக் கருதுவது தவறு. காலைக் காப்பாற்றும் சிகிச்சை இது.

வரலாறு

1914இல் கொல்லிமலையில் பிறந்த ஆங்கில மருத்துவர் பால் பிராண்ட், 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனையில் மடங்கிப்போன கைகளைக் கண்டவர், 1940களின் பிற்பகுதியில் தசைநாண்களை இடம் மாற்றிக் கைகளைச் சீரமைக்கத் தொடங்கினார். கையில் பலித்தது காலுக்கும் வந்தது. டிபியாலிஸ் போஸ்டீரியர் என்ற தசையை இடம் மாற்றும் உத்தியை அமெரிக்காவில் ஓபர் என்ற மருத்துவர் 1933இலேயே விவரித்திருந்தார். அதைத் தொழுநோயாளியின் காலுக்கு ஏற்றபடி செப்பனிட்டதில் வேலூர், கரிகிரி, செங்கல்பட்டு ஆகிய மூன்று ஊர்களின் மருத்துவமனைகளுக்கும் பங்குண்டு. அந்தத் தசைநாணை இரண்டாகப் பிளந்து பாதத்தின் மேற்புறம் இரு இடங்களில் இணைக்கும் முறையை அறுவை மருத்துவர் ஹெச். சீனிவாசனும் உடன் பணியாற்றியவர்களும் 1968இல் வெளியிட்டனர். பாதம் ஒரு பக்கமாகச் சாயாமல் நேராக எழ இந்த முறை உதவியது. இன்றும் அது கையாளப்படுகிறது.

அறுவை சிகிச்சை

டிபியாலிஸ் போஸ்டீரியர் தசை கெண்டைக்காலின் ஆழத்தில் இருக்கிறது. பாதத்தை உட்புறமாகத் திருப்புவது அதன் வேலை. வேறொரு நரம்பு அதை இயக்குகிறது. அந்த நரம்பைத் தொழுநோய் தாக்குவது பெரும்பாலும் கணுக்காலுக்கு அருகில்தான். இந்தத் தசைக்குரிய கிளையோ அதற்கு வெகு மேலேயே பிரிந்துவிடுகிறது. அதனால்தான் உள்ளங்கால் மரத்துப்போனவருக்கும் இந்தத் தசை பிழைத்திருக்கிறது. அதன் நாணைப் பாதத்தின் உட்பக்கத்திலிருந்து பிரித்து, முன்பக்கமாகக் கொண்டுவந்து, விரல்களைத் தூக்கும் நாண்களோடோ பாத எலும்போடோ இணைக்கிறார்கள். குதிகால் நாண் இறுகியிருந்தால் அதையும் சற்று நீட்டிவிடுகிறார்கள்.

எல்லோருக்கும் உடனே செய்துவிட முடியாது. தொழுநோய்க்கான கூட்டு மருந்து சிகிச்சை முறையாக நடந்திருக்க வேண்டும். செயலிழப்பு குறைந்தது ஆறு மாதமாவது மாறாமல் நீடித்திருக்க வேண்டும். அண்மையில் தொழுநோய் எதிர்வினையோ நரம்பு வீக்கமோ வந்திருக்கக் கூடாது. பாதத்தில் திறந்த புண் இருக்கவே கூடாது. மாற்றப்படும் தசை தன் வலுவில் ஒரு படி இழக்கும் என்பதால், முன்கூட்டியே பயிற்சி கொடுத்து அதைத் திடப்படுத்துவார்கள். அந்தத் தசையைத் தனியாக இயக்க நோயாளி கற்றுக்கொள்ளும் காலமும் அதுவே. இந்த முன்பயிற்சியை அவசரத்தில் தவிர்த்தால் அறுவைக்குப் பின் இரட்டிப்புச் சிரமம்.

மாவுக்கட்டுக் காலம்

அறுவை முடிந்ததும் பாதத்தைச் செங்கோணத்திலோ சற்று மேலே தூக்கியோ வைத்து, நான்கு முதல் ஆறு வாரம் மாவுக்கட்டில் வைக்கிறார்கள். உணர்ச்சியில்லாத காலுக்கு மாவுக்கட்டே ஆபத்தாக முடியலாம். உள்ளே உராய்ந்து புண்ணானாலும் வலிக்காது. கட்டிலிருந்து நாற்றம், ஈரக்கசிவு, விரல் வீக்கம், காய்ச்சல் இவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வலியில்லை என்பதை இங்கே நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்ள முடியாது.

தசைக்குப் புது வேலை

கட்டைப் பிரித்த நாளில் நோயாளி பழைய வழக்கப்படி பாதத்தைத் தூக்க முயல்வார். அசையாது. மூளையின் கட்டளை செத்துப்போன தசைகளுக்கே போகிறது. அனுபவமுள்ள பிசியோதெரபிஸ்ட் அப்போது “தூக்குங்க” என்று சொல்வதில்லை. “பாதத்தை உள்பக்கமா திருப்பப் பாருங்க” என்பார். அந்தப் பழைய அசைவை நினைத்ததும், இடம் மாறிய நாண் சுண்டி இழுக்க, பாதம் கொஞ்சம் மேலெழும். இந்தச் சிறு அசைவை நோயாளி தன் கண்ணால் பார்த்தாக வேண்டும். தோல் சொல்லாத செய்தியைக் கண்தான் மூளைக்குக் கொண்டுபோகிறது. இதே அசைவு திரும்பத் திரும்ப நடக்கும்போது ‘உள்ளே திருப்பு’ என்ற எண்ணம் மெல்ல ‘தூக்கு’ என்ற எண்ணமாக மாறுகிறது.

பயிற்சி கொஞ்ச நேரமாக, ஆனால் நாளில் பல தடவை நடக்கிறது. களைத்த தசை கற்றுக்கொள்ளாது. இடைவேளையிலும் இரவிலும் பாதம் கீழே தொங்கிவிடாதபடி மாவுக்கட்டின் பின்பாதியையே தாங்கியாக வைத்துக் கட்டுகிறார்கள். புதிதாக ஒட்டிய நாணை யாரும் கையால் கீழ்நோக்கி அழுத்தவோ நீவிவிடவோ கூடாது. வீட்டார் அன்பாக எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடுவது கெடுதலாக முடியும்.

முதலில் கால் ஊன்றாமல் பயிற்சி, பிறகு நாற்காலியில் அமர்ந்து பாதத்தைத் தரையில் பதித்துப் பயிற்சி, பிறகு இணைக்கம்பிகளைப் பிடித்து நின்று, எடையை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்றுவது, கடைசியாக நடை. இதற்குப் பொதுவாக நான்கு வாரம் ஆகும். நடையில் ஒரே கவனம்தான்: குதிகால் முதலில் படட்டும். பாதம் நன்றாக எழத் தொடங்கிய பிறகும் பலர் முழங்காலை உயரத் தூக்கியே நடப்பார்கள். பல ஆண்டுகளாக உடம்பில் ஏறிய அந்தப் பழக்கத்தை மறக்க வைப்பது, புதிதாகக் கற்பிப்பதைவிடக் கடினம்.

எலும்பின் ஆபத்து

வாரக்கணக்கில் கட்டுக்குள் கிடந்த எலும்புகள் சுண்ணாம்புச் சத்தை இழந்து வலுக்குறைந்திருக்கும். உணர்ச்சியுள்ளவர் வலிக்குப் பயந்து மெல்ல ஊன்றுவார். மரத்த காலுடையவர் முதல் நாளே நெடுந்தூரம் நடந்துவிட முடியும். நடந்தால் பாதத்தின் நடு எலும்புகள் நொறுங்கக்கூடும். உணர்விழந்த பாதத்தில் இந்தச் சிதைவு எந்தெந்த வழிகளில் நிகழ்கிறது என்பதை மருத்துவர் ஹாரிஸும் பால் பிராண்டும் 1966இல் விரிவாகப் பதிவு செய்தனர். ஆகவே நடையைச் சில நிமிடங்களில் தொடங்கிச் சிறிது சிறிதாகவே கூட்ட வேண்டும். தினமும் மாலையில் இரு பாதங்களையும் புறங்கையால் தொட்டுப் பார்ப்பது நல்லது. கையும் மரத்திருக்கலாம் என்பதால் வீட்டில் வேறொருவர் தொட்டுப் பார்ப்பது இன்னும் நல்லது. ஒரு பாதம் மற்றதைவிடச் சூடாக இருந்தாலோ, வீக்கம் இரவு ஓய்வுக்குப் பின்னும் வடியாவிட்டாலோ நடையை நிறுத்தி மருத்துவரைப் பார்க்க வேண்டும். குந்தி உட்காருவது, ஓடுவது, பாரம் சுமப்பது ஆகியவற்றை மருத்துவர் சொல்லும்வரை தள்ளிப்போட வேண்டும். நம் ஊர்க் கழிப்பறைகளை நினைத்தால் இதில் முதல் கட்டுப்பாடுதான் பலருக்குச் சிக்கல். உயரமான இருக்கை ஒன்றை முன்பே ஏற்பாடு செய்துகொள்ளலாம்.

காலணியும் செலவும்

அறுவை சிகிச்சை பாதத்தை எழ வைக்கும். உணர்வைத் திருப்பித் தராது. அதனால் எம்.சி.ஆர். எனப்படும் மெத்தென்ற நுண்ணறை ரப்பர் பதித்த செருப்பு வாழ்நாள் முழுதும் தேவை. பின்வார் இருக்க வேண்டும். ஆணி அடித்திருக்கக் கூடாது. உள்ளங்காலைத் தினம் கண்ணாடி வைத்துப் பார்ப்பதும், நீரில் ஊறவைத்து எண்ணெய் தடவுவதும் இதோடு சேரும்.

இந்தச் சிகிச்சை பாழாவதற்கு ஒரு பெரிய காரணம் கூலி இழப்பு. முன்பயிற்சி, அறுவை, மாவுக்கட்டு, மறுபயிற்சி எல்லாம் சேர்ந்து மூன்று மாதத்தை எடுத்துக்கொள்ளும். அன்றாடம் உழைத்துப் பிழைப்பவர் கட்டைப் பிரித்ததும் ஊருக்குத் திரும்பிவிடுகிறார். நன்றாகச் செய்த அறுவை அரைகுறையாக நிற்கிறது. இந்த இழப்பை ஓரளவு ஈடுகட்டவே தேசியத் தொழுநோய் ஒழிப்புத் திட்டம் சீரமைப்பு அறுவை சிகிச்சைக்கு ரூ.12,000 உதவித்தொகை அளிக்கிறது. மறுபயிற்சி முடியும்வரை தங்குவதற்கு இடமும் சாப்பாடும் கிடைத்தால்தான் அந்தத் தொகை உண்மையில் பயன்படும்.

தொழுநோயால் நரம்பு பாதிக்கப்பட்ட ஆறு மாதத்துக்குள் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கினால் பலருக்குப் பாதம் தொங்குவதையே தடுக்கலாம், அறுவை சிகிச்சை தேவைப்படாது. நடக்கும்போது செருப்பு காலைவிட்டுக் கழன்றது தெரியாமல் போனாலோ, பாதத்தின் மேல்புறம் மரத்தாலோ காத்திருக்காமல் அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்லுங்கள். அங்கே தொழுநோய் மருந்து இலவசம்.