வெடியுப்பின் கதை – 7: சாகண் மழை

1660 ஜூன் 21. ஔரங்கசீப்பின் தாய்மாமன் சாயிஸ்தா கான் பெரும்படையோடு சாகணில் வந்து இறங்கினார். மழைக்காலமும் கூடவே வந்து இறங்கியது.

சிவாஜியின் கோட்டை என்றாலே சஹ்யாத்ரி மலையுச்சிதான் நம் நினைவுக்கு வரும். சாகணின் சங்கிராம துர்க்கத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. புனேவுக்கு வடக்கே, சமவெளியில் நிற்கும் சதுரக் கோட்டை அது. மூலைக்கொரு கொத்தளம், சுற்றிலும் அகழி. சாகண் இன்று மோட்டார் தொழிற்சாலைகளுக்கும் வெங்காயச் சந்தைக்கும் பேர்போன ஊர். அன்று கோட்டைக்குள் இருந்தது கில்லேதார் (கோட்டைத் தலைவர்) ஃபிரங்கோஜி நர்சாளாவும் சில நூறு வீரர்களும்தான். இரண்டொரு நாளில் முடிந்துவிட வேண்டிய சண்டை. வாரங்கள் ஓடின, கோட்டை விழவில்லை.

மொகலாயர் மண்ணுக்கடியில் இறங்கினார்கள். தங்கள் பாசறையிலிருந்து வடகிழக்குக் கொத்தளத்தின் அடிவரை சுரங்கம் தோண்டி, அங்கே வெடிமருந்தை நிரப்புவது திட்டம். ஆடி மாதத்து ஈரமண்ணில் வெடிமருந்து!

வெடிமருந்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு வெடியுப்பு, அதாவது பொட்டாசியம் நைட்ரேட். மீதி கரியும் கந்தகமும். சுத்தமான வெடியுப்பு மழைக்கு அவ்வளவு சீக்கிரம் மசியாது. காற்றில் ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தாண்டினால்தான் கசியத் தொடங்கும். சமையல் உப்புக்கு 75 சதவீதமே போதும். அடைமழையில் நம் வீட்டு உப்பு ஜாடி படும் பாடு தெரிந்ததுதானே. கால்சியம் நைட்ரேட் இன்னும் மோசம், 50 சதவீதத்திலேயே தண்ணீராகிவிடும். உழமண் எனும் உவர்மண்ணிலிருந்து எடுக்கும் வெடியுப்போடு இந்த இரண்டும் ஒட்டிக்கொண்டே வரும்.

ஏன் இந்த வித்தியாசம்? உப்பு கரைந்த நீரிலிருந்து ஆவி எளிதில் கிளம்பாது. அதன் ஆவி அழுத்தம் காற்றிலுள்ள ஈரத்தின் அழுத்தத்தைவிடக் குறைந்துபோனால், வெளியேறும் நீரைவிட உள்ளே வந்து சேரும் நீர் அதிகம். எவ்வளவு குறையும் என்பதைப் பெருமளவு தீர்மானிப்பது கரைந்த துகள்களின் எண்ணிக்கைதான். அவை எந்தப் பொருளின் துகள்கள் என்பது இரண்டாம்பட்சம். பாடப்புத்தகம் இதைத் தொகைசார் பண்பு என்கிறது. பிரான்சின் ராவுல்ட் இதற்குக் கணக்கு எழுதியது 1880களில், சாகணுக்கு இருநூறு ஆண்டுகள் கழித்து. கால்சியம் நைட்ரேட் ஏராளமாகக் கரையும், கரைந்ததும் மூன்று துகளாகப் பிரியும். வெடியுப்போ சாதாரண வெப்பத்தில் கொஞ்சம்தான் கரையும், பிரிவதும் இரண்டாகத்தான்.

ராவுல்டைப் படிக்காமலே இதற்கு வழி கண்டவர்கள் பீகாரின் நோனியாக்கள். சாம்பல் கலந்த உழமண்ணில் நீர் ஊற்றி வடிப்பார்கள். சாம்பலில் உள்ள பொட்டாசியம் கால்சியத்தை விரட்டிவிடும். வடிநீரைக் காய்ச்சி ஆறவிடுவார்கள். 100 கிராம் கொதிநீரில் 240 கிராமுக்கு மேல் கரையும் வெடியுப்பு, 20 டிகிரிக்கு ஆறியதும் 32 கிராம்தான் தங்கும். மிச்சம் ஊசி ஊசியாகப் படிந்துவிடும். சமையல் உப்புக்குச் சூடும் ஒன்றுதான், குளிரும் ஒன்றுதான். அது நீரிலேயே நின்றுவிடும். மறுபடி காய்ச்சினால் இன்னும் சுத்தம். என்னைக் கேட்டால், அன்றைய போர்க்களங்களில் பாதி வெற்றி இந்தக் கொப்பரைகளுக்குச் சேர வேண்டியது. தளபதிகளின் பெயர்கள் நின்றன, காய்ச்சியவர்களில் ஒருவர் பெயரும் நமக்கு வந்து சேரவில்லை.

சாகணுக்குத் திரும்புவோம். முற்றுகை தொடங்கி ஐம்பது நாளுக்கு மேல் ஆகிவிட்டது. ஆகஸ்ட் 14, பிற்பகல். சுரங்கத்துக்குத் தீ வைத்தார்கள்.

மருந்து நமுத்துப்போகவில்லை. கொத்தளம் காவலர்களோடு சேர்ந்து வானில் பறந்தது. மொகலாயர் இடிபாட்டை நோக்கிப் பாய்ந்தார்கள். அங்கே போனதும்தான் தெரிந்தது, உடைந்த மதிலுக்குப் பின்னால் மராட்டியர் ஏற்கெனவே ஒரு மண்கரை எழுப்பி வைத்திருந்தார்கள். அதன் மறைவில் நர்சாளாவின் ஆட்கள் காத்திருந்தார்கள்.

(தொடரும்)