தொழிலக ஆராய்ச்சிக்கான வரிச்சலுகையும் மானியமும் (இந்தியா)

தனியார் நிறுவனங்கள் புதிய பொருட்களையும் செய்முறைகளையும் உருவாக்க மேற்கொள்ளும் ஆராய்ச்சிச் செலவில் ஒரு பங்கை அரசு ஏற்கும் ஏற்பாடு. இது வரிக்கழிவாகவும், சலுகைக் கடன் அல்லது மானியமாகவும் கிடைக்கிறது.

தோற்றம்: 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 35ஆம் பிரிவு, தொழில் தொடர்பான அறிவியல் ஆராய்ச்சிச் செலவை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ள இடமளித்தது. 1986இல் இயற்றப்பட்ட சட்டம், தொழில்நுட்ப இறக்குமதிக்கான தொகைமீது மேல்வரி விதித்தது. அந்த மேல்வரி வருவாயிலிருந்து நிதி பெறும் வகையில், உள்நாட்டுத் தொழில்நுட்பத்தை வணிகமாக்க உதவும் தொழில்நுட்ப மேம்பாட்டு வாரியம் 1996இல் அமைந்தது. ஐதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் உருவாக்கிய ஹெபடைடிஸ் பி தடுப்பூசி, இவ்வாரியத்தின் நிதியுதவி பெற்றவற்றுள் ஒன்று. அந்த மேல்வரி 2017இல் நீக்கப்பட்டது.

கூடுதல் கழிவு: 1997ஆம் ஆண்டு நிதிச் சட்டம் 35(2ஏபி) என்னும் உட்பிரிவைச் சேர்த்தது. மருந்து, மின்னணு, ரசாயனம் முதலிய குறிப்பிட்ட துறைகளின் நிறுவனங்கள், தங்கள் ஆராய்ச்சிக்கூடச் செலவில் 125 சதவீதத்தைக் கழிக்கலாம் என்றது. நிலம், கட்டடச் செலவு இதில் சேராது. அறிவியல், தொழிலக ஆராய்ச்சித் துறையின் ஒப்புதலும் தேவை. கழிவு பின்னர் 150 சதவீதமானது. 2009இல் மது, புகையிலை, ஒப்பனைப் பொருட்கள் போன்றவை நீங்கலான பிற உற்பத்தித் தொழில்களுக்கும் விரிந்தது. 2010ஆம் ஆண்டு நிதிச் சட்டம் அதை 200 சதவீதமாக்கியது. 30 சதவீத வரி செலுத்திய நிறுவனம் 100 ரூபாய் செலவிட்டால், மேல்வரிகள் நீங்கலாக, வரியில் 60 ரூபாய் குறைந்தது.

குறைப்பு: நிறுவன வரி விகிதத்தைத் தணித்து விலக்குகளைப் படிப்படியாகக் கைவிடுவது என்ற கொள்கை 2015 நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது. அதன்படி கழிவு 2017 ஏப்ரல் முதல் 150 சதவீதமாகவும், 2020 ஏப்ரல் முதல் 100 சதவீதமாகவும் குறைந்தது. முக்கிய விலக்குகளைத் துறக்கும் உள்நாட்டு நிறுவனங்களுக்கு 22 சதவீத வரி விகிதம் 2019இல் வந்தது.

நேரடி உதவி: வரிக்கழிவின் உடனடிப் பயன் லாபம் ஈட்டும் நிறுவனத்துக்கே, வருவாயே தொடங்காத இளம் நிறுவனத்துக்கு ரொக்கம்தான் உதவும். 2012இல் தொடங்கிய ஒன்றிய அரசு நிறுவனமான பைராக், உயிரித் தொழில்நுட்ப முயற்சிகளுக்கு 50 லட்சம் ரூபாய் வரை மானியம் வழங்குகிறது. 2021இல் வந்த 945 கோடி ரூபாய் தொடக்க நிதித் திட்டம், தொழிற்காப்பகங்கள் வழியே புத்தொழில்களுக்கு 20 லட்சம் ரூபாய் வரை மானியம் தர வகைசெய்தது. தமிழ்நாட்டில் டான்சீட் திட்டம் தொடக்கநிலை நிறுவனங்களுக்கு நிதியளிக்கிறது. தனியார் ஆராய்ச்சிக்கு நீண்டகால, குறைந்த வட்டி நிதி அளிக்கும் 1 லட்சம் கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒன்றிய அமைச்சரவை 2025 ஜூலையில் ஒப்புதல் அளித்தது.

மதிப்பீடு: 2020–21இல் இந்தியாவின் மொத்த ஆராய்ச்சிச் செலவு உள்நாட்டு உற்பத்தியில் சுமார் 0.64 சதவீதம், அதில் தனியார் பங்கு மூன்றில் ஒன்றைச் சற்றே தாண்டியது. கூடுதல் கழிவு இருபதாண்டுகளுக்கு மேல் நீடித்தும், ஆராய்ச்சிச் சுமையில் பெரும்பகுதி அரசின்மீதே இருந்தது.