தடங்கலுக்கு வருந்துகிறோம்



நாற்பதைத் தாண்டிய நம்மில் பலருக்கு இந்த அட்டை மறந்திருக்காது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தூர்தர்ஷனில் படம் நல்ல கட்டத்தில் இருக்கும்போது "தடங்கலுக்கு வருந்துகிறோம்" என்று வந்து நிற்கும். தரையில் உட்கார்ந்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரர்கள்கூட எழுந்து போக மாட்டார்கள். எப்படியும் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை. போன வாரம் இங்கே நாக்பூர் வீட்டில் இன்டர்நெட் நின்றுபோய் பையன் குதித்தபோது இதைச் சொன்னேன். "நிஜமாவே கோளாறா, இல்ல வேணும்னே நிறுத்துவாங்களாப்பா?" என்று கேட்டான்.

நாம் பார்த்தது கோளாறுதான் என்று சொல்லி வைத்தேன். ஆனால் வேண்டுமென்றே அட்டை போட்ட ஊர் ஒன்று உண்டு. அமெரிக்காவின் தெற்கே, மிசிசிப்பி மாநிலத் தலைநகர் ஜாக்சன். 1960 கணக்கெடுப்பில் சுமார் 1,44,000 பேர் வாழ்ந்த நடுத்தர நகரம்.

அங்கே ஒலிபரப்பை வளர்த்தது ஓர் ஆயுள் காப்பீட்டு நிறுவனம். பெயர் லாமர் லைஃப். 1929-ல் டபிள்யூ.ஜே.டி.எக்ஸ். என்ற வானொலியைத் தொடங்கியது. 1953 டிசம்பரில் டபிள்யூ.எல்.பி.டி. என்ற டிவி நிலையமும் வந்தது. என்.பி.சி. நிகழ்ச்சிகள் நியூயார்க்கிலிருந்து வரும், இவர்கள் ஊருக்குள் ஒளிபரப்புவார்கள். நிலையத்தின் ஒளிபரப்பு எல்லைக்குள் இருந்தவர்களில் 45 சதவீதம் கறுப்பின மக்கள். நிலையத்தின் மேலாளரோ, நிறப்பிரிவினையைக் கட்டிக்காக்கவே உருவான வெள்ளையர் சங்கத்தில் உறுப்பினர்.

1955-ல் என்.பி.சி. நிகழ்ச்சி ஒன்றில் தர்குட் மார்ஷல் பேசினார். கறுப்பின மக்களின் உரிமைகளுக்காக வாதாடிய வழக்கறிஞர். 1967-ல் அமெரிக்க உச்சநீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி ஆனவரும் இவர்தான். அவர் பேசிய நேரத்தில் ஜாக்சன் வீடுகளில் திரையில் வந்தது ஓர் அட்டை: மன்னிக்கவும், கேபிள் கோளாறு!

புகார்கள் போயின. 1957-ல் நிறப்பிரிவினை தொடர வேண்டும் என்று நிகழ்ச்சி போட்டார்கள். மறுதரப்புக்கு நேரம் கேட்டபோது மறுத்தார்கள். அமெரிக்காவில் நிலையங்களுக்கு உரிமம் கொடுப்பது எஃப்.சி.சி. என்ற அரசு ஆணையம். அப்போது மூன்று வருடத்துக்கு ஒருமுறை உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும். இவை ஏதோ ஓரிரு சம்பவங்கள் என்று சொல்லி ஆணையம் புதுப்பித்துக் கொடுத்துவிட்டது. வங்கியில் வேலை பார்ப்பவனுக்கு இது புரியாமலா போகும்? பழைய கணக்கு, பெரிய பார்ட்டி, புதுப்பிக்கும் தேதி வந்தால் கையெழுத்து.

1963 மே 20 அன்று ஒரு சின்ன மாற்றம். ஊர் மேயர் டிவியில் பேசியதற்குப் பதில் சொல்ல, உரிமைப் போராளி மெட்கர் எவர்ஸுக்கு அதே நிலையம் 17 நிமிடம் கொடுக்க வேண்டி வந்தது. ஆப்பிரிக்காவில் புதிதாக விடுதலை பெற்ற நாடுகளைப் பற்றி டிவியில் தெரிந்துகொள்ளும் ஜாக்சன்வாசிக்கு, சொந்த ஊரில் ஒரு நல்ல வேலை கிடையாது என்று அவர் பேசினார். 23 நாள் கழித்து, ஜூன் 12 நள்ளிரவு தாண்டிய நேரத்தில், வீட்டு வாசலில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

அடுத்த வருடம் நடந்ததுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. எவரெட் பார்க்கர் என்ற பாதிரியார் நியூயார்க்கில் தன் திருச்சபையின் தகவல்தொடர்புப் பிரிவை நடத்தி வந்தார். 1964 மார்ச் 1 முதல் 7 வரை ஜாக்சனில் தன்னார்வலர்களை டிவி முன்னால் உட்கார வைத்தார். எந்த நிகழ்ச்சியில் யார் வந்தார், எவ்வளவு நேரம் பேசினார் என்று எழுதுவதுதான் வேலை. வெளியே தெரிந்தால் ஆபத்து என்பதால் பெயர்கள் ரகசியம். கோஷமில்லை, ஊர்வலமில்லை. நம்ம பாஷையில் சொன்னால் ஒரு வார ஆடிட்.

அந்தக் குறிப்புகளோடு, புதுப்பிக்கக் கூடாது என்று மனு போட்டார்கள். உள்ளூரிலிருந்து சேர்ந்தவர்கள் இருவர். மருந்துக் கடைக்காரர் ஏரன் ஹென்றி ஒருவர். மளிகைக் கடைக்காரரும் பாதிரியாருமான ராபர்ட் ஸ்மித் இன்னொருவர். ஸ்மித் 1962-ல் தேர்தலில் நின்றபோது இதே நிலையத்தில் காசு கொடுத்து நேரம் வாங்கவே போராட வேண்டியிருந்தது.

ஆணையம் சொன்ன பதில்: வியாபார நஷ்டம் உள்ளவர்களும், அலைவரிசையில் இடைஞ்சல் உள்ளவர்களும்தான் உரிமத்தை எதிர்க்கலாம். பார்ப்பவர்களுக்கு அந்த உரிமை இல்லை. 1965-ல் ஒரு வருடத்துக்குப் புதுப்பித்தும் கொடுத்தது.

வழக்கு வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனது. 1966 மார்ச்சில் நீதிபதி வாரன் பர்கர் தீர்ப்பு எழுதினார். செய்தித்தாளை உரிமையாளர் தன் இஷ்டத்துக்கு நடத்தலாம், ஒலிபரப்பு நிலையத்தை அப்படி நடத்த முடியாது, அது பொதுச் சொத்தை இலவசமாகப் பயன்படுத்துகிறது என்றார். டிவி பெட்டிகளில் மக்கள் போட்டிருக்கும் மொத்த முதலீட்டையும் சுட்டிக்காட்டி, பார்வையாளருக்கும் வழக்காட உரிமை உண்டு என்றார். இந்த இடத்தில் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். வங்கியும் அப்படித்தானே! பங்குதாரர் போட்ட முதலைவிட டெபாசிட்தாரர்களின் பணம்தானே பல மடங்கு?

ஆணையம் அசரவில்லை. 1967-ல் விசாரணை நடத்தி, 1968-ல் முழு மூன்று வருடத்துக்குப் புதுப்பித்தது. 1969 ஜூனில் பர்கர் மறுபடி எழுதினார். புகார் கொடுத்த மக்களை எதிரிகள் போல் நடத்திய அந்த விசாரணையைக் கண்டித்து, உரிமத்தையே ரத்து செய்தார். சில நாட்களில் அவர் அமெரிக்காவின் தலைமை நீதிபதி ஆனார்.

1971-ல் இரு இனத்தவரும் சேர்ந்த லாப நோக்கமற்ற அமைப்பு ஒன்று நிலையத்தை இடைக்காலமாக ஏற்றது. 1972-ல் வில்லியம் டில்டே பொது மேலாளரானார். பெரிய நெட்வொர்க் நிகழ்ச்சிகளைத் தரும் நிலையம் ஒன்றுக்குக் கறுப்பினத்தவர் மேலாளரானது அதுவே முதல்முறை என்பார்கள். 1976-க்கான பீபடி விருது நிலையத்துக்குக் கிடைத்தது. பல வருட இழுபறிக்குப் பிறகு, கறுப்பினப் பங்குதாரர்கள் பெரும்பான்மையாக இருந்த நிறுவனத்துக்கு உரிமம் போனது. மனு போட்ட அந்த ஏரன் ஹென்றி நிலையத்தின் தலைவராகவும் உட்கார்ந்தார். நிலையம் இன்றும் இயங்குகிறது.

நம் நாட்டிலும் 1995 பிப்ரவரியில், கிரிக்கெட் ஒளிபரப்பு வழக்கில், அலைவரிசை பொதுச் சொத்து என்று உச்சநீதிமன்றம் சொன்னது.

முதல் அட்டையிலிருந்து உரிமம் ரத்தாகும் வரை 14 வருடம். அதில் ஒரு வாரம், பெயர் தெரியாத சிலர் நோட்டும் பேனாவுமாக டிவி பார்த்தார்கள். பையனிடம் இதையெல்லாம் சொல்லி முடித்தேன். "அப்போ நான் கேட்டது சரியான கேள்விதானே?" என்றான். சரியான கேள்விதான்டா கண்ணா. ஜாக்சன் மக்கள் கேட்டதும் அதைத்தான்.